வந்ததை எழுது

காலாப்பட்டு, மூன்றாவது மாடி.
ஏசி பதினெட்டில் நிற்கிறது.
ஐஸ் கம்பெனி நடத்துகிற எனக்கே குளிர்கிறது.
இயற்பியல் துறை ஆலோசனைக் குழு:
வருஷத்துக்கு இரண்டு கூட்டம்,
பயணப்படி, முந்திரி பிஸ்கட்,
பெயர்ப்பலகையில் எப்போதும் ஓர் எழுத்துப் பிழை.

பொருள் நான்கு, ஒரு சுவரொட்டி.
'இயற்பியல் படித்தால் எங்கே போகலாம்?'
எங்கள் நால்வரின் படம்,
படத்துக்குப் பக்கத்தில் அம்புக்குறிகள்.

பெர்னதெத்தின் அம்பு நேராக ஓடுகிறது,
முதுகலையிலிருந்து கதிர்வீச்சுக்கு,
அங்கிருந்து புற்றுநோய் மருத்துவமனைக்கு.
சென்னைக்குப் போகக் கூடாது என்று
கட்டிக்கொண்ட வீட்டில் சொன்னதும்
கோரிமேட்டில் அந்த வாரம் காலியாக இருந்தது
அந்த ஒரு நாற்காலிதான் என்பதும்
அம்புக்குத் தெரியாது.

தில்லைநாயகத்தின் அம்பு வங்கியில் குத்தி நிற்கிறது.
"அணுச் சிதைவும் வாராக்கடனும் ஒன்றுதாங்க.
எது விழும்னு சொல்ல முடியாது,
எத்தனை விழும்னு சொல்லிடலாம்."
ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறார்.
ஒவ்வொரு முறையும் நான் சிரிக்கிறேன்.

ஹமீதா, வானிலை ரேடார்.
வங்கக் கடலில் ஏதாவது சுழன்றால்
செய்தி பார்ப்பதற்கு முன்
அவளுக்குத்தான் போன் போடுவேன்.

எனக்கு: வெப்ப இயக்கவியல், அம்பு, தொழில்முனைவோர்.
"யார் எழுதினது?"
ஒருங்கிணைப்பாளர் ஆல்பர்ட் நெளிந்தார்,
"நல்லாத்தானே மேடம் இருக்கு."

முதுநகர் துறைமுகத்தில்
நிதி நிறுவனம் பூட்டுப் போட வந்த காலையில்
அண்ணன் சாவிக்கொத்தை என் கையில் திணித்தான்.
ஒரு மாசம் பார்த்துக்கோ என்றான்.
என் பையில் ஆய்வுப் படிப்பு நேர்காணலுக்கான கடிதம்.
அந்த ஒரு மாசத்துக்கு இப்போது
இருபத்தொரு வயது.

அம்பையே பார்த்துக்கொண்டிருந்தபோது
தனி ஊசல் ஞாபகம் வந்தது.
எனக்கு ஈர்ப்பு முடுக்கம் ஒன்பது புள்ளி இரண்டுதான் வந்தது.
ஒன்பது புள்ளி எட்டை முதலில் எழுதிவிட்டு
அங்கிருந்து பின்னோக்கி நடந்து
இருபது அலைவுகளின் விநாடிகளை
ஒவ்வொன்றாகப் பென்சிலால் நிரப்பினேன்.
கொஞ்சம் முன்னே பின்னே வைத்தேன்,
நிஜம் போல இருக்கட்டும் என்று.
இருபதுக்குப் பத்தொன்பது போட்டார்கள்.

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"யங் குணகத்துக்கு நானும்," என்றார் தில்லைநாயகம்,
கடன் மனுவில் பொய் சொன்னவர் முகத்தோடு.
"நியூட்டன் வளையம். பன்னிரண்டுக்கு மேல எண்ண முடியல,
இருபதுன்னு எழுதினேன்," இது பெர்னதெத்.
இன்றைக்கு அவள் அளந்து தருகிற கதிரில்
ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் தூங்க மாட்டாள்.

ஹமீதா பிஸ்கட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.
"நான் வந்ததை எழுதினேன்.
மறுதேர்வு போட்டாங்க."
அந்த ஒரு வருஷம்
அவள் அம்பில் எங்குமே இல்லை.

"அப்போ சுவரொட்டியில என்ன மேடம் போடறது?"
"பிழைன்னு ஒரு வரி சேருங்க.
எனக்கு, கூட்டல் கழித்தல் ஓர் அண்ணன்."
"எனக்கு ஒரு டைபாய்டு."
"எனக்கு," பெர்னதெத் யோசித்தாள், "வேணாம், விடுங்க."

ஆல்பர்ட் பேனாவை மூடிவிட்டார்.
பொருள் நான்கு, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு.
பொருள் ஐந்து, குடிநீர் இயந்திரம்,
ஒருமனதாக நிறைவேறியது.

தவளக்குப்பம் தாண்டும்போது போன்.
அமோனியா அழுத்தம் இறங்குகிறதாம்.
மூன்று மணிக்கு விசைப்படகுகள் கிளம்பும்,
நானூறு பார் ஐஸ் சொல்லியிருக்கிறார்கள்.
"கேஜ் எவ்வளவு காட்டுது, மதியழகா?"
பதில் வர ஒரு விநாடி ஆனது.
நன்றாக இருந்தது அவன் சொன்ன எண்,
மிக நன்றாக.
"இருக்க வேண்டியதைச் சொல்லாதே.
போய்ப் பார்த்து, இருக்கிறதைச் சொல்லு."

செருப்புச் சத்தம் தூரப் போனது, திரும்பி வந்தது.
இந்தத் தடவை சொன்னது
முன்னைவிடக் குறைவு.
பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில்
குறித்துக்கொண்டேன்.